ரீகால் முடிந்தது என்கிறது கணினி. பாலத்தில் படபடக்கிறது பட்டை

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். நான்கு ஆண்டுக்கு முன் புதிதாக வாங்கிய கார். ஐந்தாண்டு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை கழன்று விழக்கூடும், சரிசெய்து தர வண்டியைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று சென்ற ஆண்டு கார் நிறுவனத்தின் ரீகால் கடிதம் வந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். நாற்பது நிமிடத்தில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து, பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது 'டப டப' என்று சத்தம் கேட்டது. இடது பக்கப் பட்டையின் மேல்பாதி பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்த மோட்டார்காரர் ஒருவர் பயந்து ஒதுங்கினார். அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை. பாலத்தை விட்டு இறங்கியதும் ஓரமாக நிறுத்தி அந்தப் பட்டையை நானே பிடுங்கிப் பின்பெட்டியில் போட்டேன்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "உங்கள் காருக்கு ரீகால் முடிந்துவிட்டதாகக் கணினியில் இருக்கிறது. இது தேய்மானம். இரண்டு பக்கமும் மாற்ற 680 ரிங்கிட்" என்கிறார்கள். வாரம் ஒருமுறை கடையில் ஜெட் தண்ணீர் அடித்துக் கழுவுவதுதான் காரணம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கார் பழுது பார்க்கும் போமன் இரண்டு ஸ்க்ரூ போட்டு 50 ரிங்கிட்டில் முடித்துத் தருகிறேன் என்கிறார். என் கணவர், அது அழகுக்கு வைத்த சாமான்தானே, இல்லாமலே ஓட்டு என்கிறார். நான் என்ன செய்வது? தவறு என்னுடையதா? பிய்ந்த பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாமா? சில படங்கள் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. அந்தப் பட்டையை எறியாதீர்கள். இன்று மாலையே பின்பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். ஏன் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் பாதுகாப்பு. வலது பக்கப் பட்டை இன்னும் காரில்தான் இருக்கிறது. அதே நாளில், அதே கைகள், அதே நாற்பது நிமிடத்தில் ஒட்டியதுதான் அதுவும். அதை நம்பி இனிப் பாலம் ஏற வேண்டாம். காலையில் வெயில் ஏறும் முன் மேல்முனையில் விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கித் திரும்ப எழும்பினால் பிடி போய்விட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால், அந்த நிலையைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, சர்வீஸ் சென்டரிலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை தனியாக, முழுதாகத் தெரிகிறது. கண்ணாடி அந்தப் பட்டையை நம்பி நிற்கவில்லை. ஆகவே பட்டை இல்லாமல் சில நாள் மெதுவாக ஓட்டலாம். அரைகுறையாகத் தொங்கும் பட்டையோடு ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. கறுப்பு டேப் ஒட்டிச் சமாளிப்பதும் வேண்டாம். மழையில் ஊறினால் டேப்பும் பட்டையும் சேர்ந்தே பறக்கும்.

உங்கள் கணவர் 'அழகுக்கு வைத்த சாமான்' என்று சொன்னதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோலாலம்பூரில் ஒரு சர்வீஸ் சென்டரின் உத்தரவாத மேசையில் பதினொரு ஆண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது பழுதான வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது என் தொழில். எஞ்சின், பிரேக் என்று யாராவது புகார் கொண்டு வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பட்டை, பம்பர் மூடி, கதவு மோல்டிங் என்று வந்தால் கடைசி வரிசைதான். வெளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாகம் காருக்குள் இருப்பவரை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம். பின்னால் வருபவரை யாரும் நினைப்பதில்லை. பினாங்குப் பாலத்தில் அந்தப் பின்னால் வருபவர் பெரும்பாலும் மோட்டாரில் வருபவர். முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, அவ்வளவுதான் அவருக்குக் காவல்.

முன் கண்ணாடியின் பக்கவாட்டில் கூரையைத் தாங்கி நிற்கும் தூணை ஒட்டிய அந்த ஓரத்தில்தான் காற்று வளைந்து வேகமெடுக்கிறது. வேகமெடுக்கும் காற்று பட்டையை வெளிப்பக்கமாக உறிஞ்சும். அந்த இழுவிசை காரின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் இழுப்பு, பிளஸ் நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதோடு பாலத்தில் குறுக்கே அடிக்கும் கடல்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டை பாலத்தில் பிய்ந்தது அதிசயமே இல்லை. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிற வழியில் பிய்ந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

இது உங்கள் காருக்கு மட்டும் வந்த விசித்திர நோயும் அல்ல. 2024 தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் எக்ஸ்புளோரர் வாகனங்களுக்கு ஒரு ரீகால் அறிவித்தது. 2011 முதல் 2019 வரையிலான வண்டிகள், ஏறக்குறைய 19 லட்சம். குறை என்ன தெரியுமா? முன் கண்ணாடித் தூணின் பட்டையைப் பிடிக்கும் கிளிப்புகள் சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம், பட்டை கழன்று சாலையில் விழலாம் என்பதுதான். 2023-ல் டொயோட்டா அதே நாட்டில் சுமார் 7,51,000 ஹைலேண்டர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன் பம்பரின் கீழ்மூடி லேசாக இடித்தாலே கழன்றுவிடலாம் என்று. அழகுச் சாமானுக்காக எந்த நிறுவனமும் இத்தனை வண்டிகளைக் கூப்பிட்டுச் செலவு செய்யாது. கழன்று விழும் பாகம் சாலையில் ஆபத்து என்று அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. உங்களுக்கு வந்த கடிதத்திலும் 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இப்போது அந்த நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த வரியில்தான் நின்றேன்.

இந்த வகைப் பட்டைகளை கிளிப்பும் இருபக்க நுரை டேப்பும் சேர்ந்து பிடிக்கின்றன. டேப் என்றதும் எழுதுபொருள் கடையில் விற்கும் டேப்பை நினைக்க வேண்டாம். அக்ரிலிக் நுரையால் ஆன இது முறையாக ஒட்டினால் பல ஆண்டு தாங்கும். முறை என்பது இது: பழைய டேப்பை ஒரு துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். அந்த இடத்தை ஆல்கஹால் கொண்டு துடைத்து, மெழுகும் பாலிஷும் போகச் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சான பிரைமர் பூசிக் காயவிட வேண்டும். கிளிப்புகளைப் புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் ஒருமுறை பிடுங்கிய பிளாஸ்டிக் கிளிப்பின் காது தளர்ந்துவிடும். பிறகு பட்டையை வைத்து, முழு நீளத்துக்கும் உருளை வைத்து அழுத்த வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் பசை உடனே முழுப் பலம் பெறாது. இருபது நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் பெரும்பகுதி, மூன்று நாளில்தான் முழுப்பிடி. அதனால்தான் நல்ல பட்டறைகளில் வண்டியை ஒரு ராத்திரி வைத்துக்கொள்வார்கள். குறைந்தது 'இரண்டு நாள் கழுவாதீர்கள்' என்றாவது சொல்லி அனுப்புவார்கள். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னார்களா? கடிதத்தில் இல்லை.

இரண்டு பக்கம், பழைய ஒட்டை நீக்குவது, துடைப்பது, காய்வது, பொருத்துவது, அழுத்துவது. இதோடு காரை உள்ளே எடுத்து வெளியே கொண்டு வரும் நேரம் வேறு. எல்லாம் நாற்பது நிமிடத்தில் என்றால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. எது விடுபட்டது என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி உங்கள் பின்பெட்டியில் கிடக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுண்டரில் உங்களிடம் பேசிய பிள்ளை கெட்டவர் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ரீகால் வேலைக்கு சர்வீஸ் சென்டருக்குப் பணம் தருவது கார் நிறுவனம். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு எழுதி அனுப்புவார்கள். அந்த நிமிடத்துக்குத்தான் கூலி. பட்டறையில் இருப்பவர் அதற்குள் முடித்தால் லாபம், தாண்டினால் நஷ்டம். வேலை முடிந்ததும் உங்கள் காரின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணுக்கு எதிரே 'முடிந்தது' என்று கணினியில் பதிவார்கள். அதோடு அந்த எண்ணுக்கு ரீகால் பணம் மறுபடி கிடைக்காது. இரண்டாவது முறை நீங்கள் வந்து நின்றால், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிவது அந்த ஒரு சொல்தான். அந்தப் பதிவை மறுபடி திறக்க வேண்டியது தலைமை அலுவலகம். அந்தப் பிள்ளைக்கு அந்த அதிகாரம் கிடையாது. 'தேய்மானம்' என்று சொல்வது அவருக்குச் சுலபமான வழி.

நான் மேசையில் இருந்த முதல் ஆண்டுகளில் ஒரு பெரியவர் இதே போலக் கதவு மோல்டிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பதிவில் முடிந்தது என்று இருந்தது. நானும் அதையே படித்துச் சொல்லி அவரை அனுப்பினேன். அவர் அந்த மோல்டிங்கைத் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு என் மேலதிகாரிதான் அழைத்து, தாளில் முடிந்ததும் வண்டியில் முடிந்ததும் வேறு வேறு என்று சொல்லி, தலைமை அலுவலகத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பெரியவருக்கு இலவசமாகவே வேலை நடந்தது. அன்று கற்றதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது புதுப் பழுதுபார்ப்பு இல்லை. 'பட்டை விழுந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள்' என்று போனால் அது புதுப் புகார். புதுப் புகாருக்குத் தேய்மானம் என்ற பதில் வரும். 'நீங்கள் செய்த ரீகால் வேலை ஏழு மாதத்தில் தோற்றுவிட்டது, அந்த வேலையை மறுபடி திறந்து முறையாகச் செய்யுங்கள்' என்று போக வேண்டும். வார்த்தையில் சின்ன வித்தியாசம், பணத்தில் 680 ரிங்கிட் வித்தியாசம். கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லாமல், கார் நிறுவனத்தின் மலேசியத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சர்வீஸ் சென்டர் மேலாளருக்கும் ஒரு பிரதி வையுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். சேசிஸ் எண், ரீகால் கடிதத்தின் தேதி, வேலை நடந்த தேதி, செய்த வேலையைப் பதிந்து தரும் ஜாப் ஷீட்டின் எண், பாலத்தில் பிய்ந்த தேதியும் நேரமும், 680 ரிங்கிட் கேட்ட தேதி, இவை அத்தனையும் இருக்கட்டும். ஜாப் ஷீட் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று இருக்கும். புதுக் கிளிப்பும் புதுப் பட்டையும் அதில் இல்லாமல் வெறும் 'சோதித்து ஒட்டப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அந்த வரியே உங்களுக்குப் பெரிய பலம். பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.

அதே பசையால் அதே இடத்தில் மறுபடி ஒட்டித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தோற்ற முறையை இரண்டாம் தடவை செய்வது பரிகாரம் ஆகாது. 2025 மார்ச்சில் டெஸ்லா தன்னுடைய 46,096 சைபர்டிரக் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கூரை ஓரத்தின் எஃகுத் தகடு ஓடும்போதே கழன்று விழலாம் என்று. தகட்டைப் பிடித்த பசை வெயில் மழையில் நொறுங்கும் தன்மை அடைந்ததுதான் காரணம். பரிகாரமாக அவர்கள் வேறு பசைக்கு மாறியதோடு நிற்கவில்லை. தகட்டில் ஒரு போல்ட்டைப் பற்றவைத்து, நட்டுப் போட்டு இறுக்கும்படி மாற்றினார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஒரு ரீகாலின் பரிகாரம் போதுமானதா என்று தனியாக விசாரிக்கும் வழக்கமும் வைத்திருக்கிறது. ரீகால் செய்தும் குறை தீராமல் போவது தொழிலில் தெரிந்த விஷயம்தான். நீங்கள் கேட்பது அதிகப்படியான ஒன்று இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்ட எண் (அக்தா) 599, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரம் என்ன என்று 32-ஆம் பிரிவில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: வழக்கமான பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், தோற்றமும் முடிவேலையும் ஏற்கும்படி இருக்க வேண்டும், சிறு குறைகளும் இல்லாமல் இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். 'அழகுச் சாமான்தானே' என்ற வாதத்துக்கு அந்த வரிசையிலேயே பதில் இருக்கிறது. தோற்றத்தையும் சிறு குறையையும் சட்டமே சேர்த்துக்கொண்டிருக்கிறது. நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதப் புத்தகம் இந்தச் சட்ட உரிமைக்கு மேல் கிடைப்பது. புத்தகத்தில் என்ன விலக்கு எழுதியிருந்தாலும் சட்டம் கொடுத்ததை அது பறிக்க முடியாது. விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய மறுத்தால், வேறு இடத்தில் சரிசெய்து நியாயமான செலவை அவரிடமே கேட்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு முன் அவருக்கு எழுத்தில் வாய்ப்புக் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்த மின்னஞ்சலை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

பதினான்கு நாளில் பதில் வரவில்லை என்றால், அல்லது மறுபடி 'தேய்மானம்' என்றே வந்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் சொல்வார்கள்; பினாங்கிலும் உண்டு, இணையத்திலும் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் பொதுவாக வழக்கறிஞரைக் கொண்டு வர முடியாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். விற்ற நிறுவனத்தையும் தயாரிப்பாளரையும், வெளிநாட்டுக் காரென்றால் இங்குள்ள விநியோகிப்பாளரையும், சேர்த்தே எதிர்த்தரப்பாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். அதைச் சொல்லி ஒரு கடிதம் போனாலே பல விவகாரங்கள் மன்றத்துக்குப் போகும் முன் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பப் பாரத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால், மஸ்ஜித் நெகிரி சாலையில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்க் கேளுங்கள். 1969-லிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும், அதாவது ஜேபிஜேக்கும், ஒரு புகார் அனுப்புங்கள். உங்களுக்குப் பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. ஆனால் உங்கள் ஒரு காரில் தோற்ற பரிகாரம் மற்றக் கார்களிலும் தோற்றுக்கொண்டிருக்கலாம். அது அவர்கள் காதில் விழ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வங்கித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு மாதம் நின்றால் வங்கி காரை மீட்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். பட்டைப் பிரச்சினை வேறு, தவணை வேறு.

பக்கத்துப் போமன் சொன்ன இரண்டு ஸ்க்ரூ. சகோதரி, இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பல கார்களில் அந்தத் தூணுக்குள்தான் பக்கவாட்டு ஏர்பேக்கின் திரை மடிந்து கிடக்கிறது, மின்கம்பிகளும் ஓடுகின்றன. ஸ்க்ரூவின் முனை எதைக் குத்தும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. திரையில் ஒரு ஓட்டை விழுந்தால், விபத்து நாளில்தான் அது தெரியவரும். ஏர்பேக் விஷயத்தில் இந்த நாடு ஏற்கெனவே பட்டிருக்கிறது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் டகாடா நிறுவனத்தின் ஏர்பேக் வெடித்துச் சிதறி, கார் ஓட்டிய கர்ப்பிணித் தாயும் அவர் குழந்தையும் இறந்தார்கள். அது வேறு வகைக் குறைதான். ஆனாலும் ஏர்பேக் இருக்கும் இடத்தில் கைவைக்கும் முன் அந்தத் தாய் எனக்கு நினைவுக்கு வருவார்.

அதோடு ஸ்க்ரூ ஓட்டையில் மழைத்தண்ணீர் இறங்கும், கடல்காற்றில் உப்பு இருக்கிறது, துரு பிடிக்கும். சிலிக்கான் பசை தடவித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு நல்ல டேப்பும் ஒட்டாது, பெயிண்டும் பிடிக்காது. மேலும், வெளியாள் கைவைத்துவிட்டார் என்பதைச் சாக்காக வைத்து நிறுவனம் உங்கள் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கும்.

உங்கள் மூன்றாவது படத்தில், பட்டை இருந்த இடத்தின் நடுவே பெயிண்ட் ஓர் அரிசி அளவுக்குக் கொப்பளித்திருப்பது தெரிகிறது. கவுண்டரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை போலிருக்கிறது. உள்ளே துரு தொடங்கியிருக்கலாம். முன் கண்ணாடி ஒட்டியிருக்கும் விளிம்புவரை அந்தத் துரு போனால் கண்ணாடியின் பிடியே பலவீனமாகும். விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அதற்கு முதுகு கொடுப்பதிலும் முன் கண்ணாடிக்குப் பங்குண்டு. ஆகவே மின்னஞ்சலில் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். பட்டையை ஒட்டும் முன் துருவைச் சோதித்து, சுரண்டி, பூசித்தர வேண்டும் என்று கேளுங்கள். கொப்பளத்தின் மேலேயே டேப் ஒட்டினால் மறுபடியும் பிய்யும்.

ஜெட் தண்ணீர். தவறு உங்களுடையது இல்லை. கார் கழுவுவது காரின் வழக்கமான பயன். முனையைப் பட்டையின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து அடித்தால் டேப் கிளம்பும் என்பது உண்மை. 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்வது நல்ல பழக்கம். ஆனால் நம் ஊரில் எல்லாருமே கடையில் ஜெட் அடித்துத்தான் கழுவுகிறோம். ஏழு மாதக் கழுவலைத் தாங்காத ஒட்டு, நீடித்து உழைப்பதாகச் சொல்ல முடியாது.

வெயிலும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். காலையில் 30 டிகிரியில் இருக்கும் கறுப்புப் பட்டை, திறந்த கார்ப்பார்க்கில் நண்பகலில் 70 டிகிரியை எட்டலாம். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளும்; அடியில் இருக்கும் இரும்பு அரை மில்லிமீட்டர்தான். இடையில் இருக்கும் டேப் தினமும் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். மலேசியாவில் கார் விற்பவர் மலேசிய வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விற்க வேண்டும். வெயில் இங்கே எதிர்பாராத விபத்து இல்லை.

இப்போது அந்தப் பட்டை. பின்பக்கத்தைத் திருப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டேப்பின் நுரை கிழிந்து பாதி பட்டையிலும் பாதி காரிலும் ஒட்டியிருந்தால், ஒட்டிய விதம் ஓரளவு சரி, டேப்தான் பாரத்தைத் தாங்கவில்லை. டேப் முழுதாகப் பட்டையோடு வந்துவிட்டு, காரின் பெயிண்ட் வழவழவென்று வெறுமையாக இருந்தால், ஒட்டும் முன் துடைக்கவே இல்லை அல்லது பிரைமர் போடவில்லை. பசைமேல் தூசியோ மெழுகோ படிந்திருந்தால் அதுவே கண்கூடு. உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையின் மேல்முனையில் சாம்பல் நிற டேப்பின் மேல் கறுப்பு டேப் ஒரு கோடாகத் தெரிகிறது. பழைய டேப்பை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அது உண்மையென்றால் உங்கள் காருக்கு நடந்தது ரீகால் வேலையே இல்லை. ஏற்கெனவே பிடி தளர்ந்த டேப்பின் முதுகில் இன்னொரு டேப்பை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால் டேப்பை நகத்தால்கூடச் சுரண்டாதீர்கள், கழுவாதீர்கள். சூடான பின்பெட்டியில் அது வளைந்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, அலமாரிக்கு மேல் நேராகப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு முனை, ஒவ்வொரு கிளிப் என்று படம் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் 'பட்டையைக் கொடுங்கள், தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்' என்று கேட்டால், பெற்றுக்கொண்டோம் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் கொடுக்க வேண்டாம். வலது பக்கப் பட்டையைக் கழற்றும்போது நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் நின்று காணொளி எடுங்கள். அதன் பின்பக்கத்திலும் இரண்டு அடுக்கு டேப் இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். நடுவர் மன்றத்தில் வைக்கும்படி ஓர் அறிக்கை எழுதித் தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம்.